கணவாய்க் கறி மேல் போட்ட பழி

வெள்ளிக்கிழமை, இரவு

என் கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இரைப்பையில் புண், ரத்தம் கசிந்திருக்கிறது.

போன வாரமே என்னிடம் சொன்னார்: "வெளிய போறது தார் மாதிரி கறுப்பா இருக்கு, தலையும் சுத்துது."

நான் சிரித்தேன். "சூலியா தெருக் கடையில கணவாய் மீனோட கறுப்பு மைக் கறிய அள்ளி அள்ளிச் சாப்பிட்டா கறுப்பாத்தான் லா இருக்கும்" என்று சொல்லி, வயிற்றில் ஜாதிக்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்று காலை குளியலறையில் மயங்கி விழுந்தார்.

"கறுப்பாப் போன அன்னைக்கே வந்திருக்கணும்," என்றார் டாக்டர். "வீட்டுல யார்கிட்டயும் சொல்லலியா?"

நான் வாய் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து இவர் முந்திக்கொண்டார்: "இல்ல டாக்டர், யார்கிட்டயும் சொல்லல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.