சாம்பிராணிப் புகை போன வழி

மே மாதம், வியாழன் இரவு

நாளை கல்லூரியில் கொடுக்க வேண்டிய வரைபடத்தை மகள் நஸ்ரின் மதியம் முடிக்கப்போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் சூடேறி அணைந்தது. எல்லாம் போயிற்று.

"எந்நேரமும் கேம் ஆடுதல்லா, பின்ன சூடாகாம என்ன செய்யும்?" என்று திட்டினேன். அழுதாள்.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டில் சாம்பிராணி போட்டேன். கம்ப்யூட்டரின் அந்தச் சின்னப் பெட்டிக்குள் புகை முன்பக்கமும் போனது, பின்பக்கமும் போனது. வெளியே வரவில்லை. காற்றை வெளியே தள்ள வேண்டிய பின்பக்க ஃபேனைப் போன மாதம் தலைகீழாக மாட்டியது நான்தான். சத்தமில்லாமல் திருப்பி மாட்டினேன். சூடான காற்று வெளியே வந்து கையில் அடித்தது.

"இப்ப அணையவே இல்லையே, என்ன செஞ்சிய உம்மா?"

"தூசி தட்டினேன்" என்றேன்.

முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறாள். பேனாவை மூடினால் போய்ச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.