பாதித் தாள் வெள்ளை

நன்னிலம்,
செப்டம்பர் 9.

அன்புள்ள ஜாபிர் அண்ணனுக்கு,

உங்கள் சிநேகிதர் ஆல்பினின் மனைவி ரோஸ்லின் எழுதுவது. அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் எப்போதும் இவர் சட்டைப்பையில். அதனால்தான் லீவு முடிந்து நாளை ஷார்ஜா திரும்பும் உங்கள் வீட்டம்மா ஜஸீலாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே குறுவை அறுப்பு ஆரம்பித்துவிட்டது. இவர் விடிந்ததும் வாட்டர்கலர் பெட்டியோடு வயலுக்குக் கிளம்பிவிடுகிறார். ரிட்டயரான டிராயிங் மாஸ்டருக்கு வேறென்ன வேலை!

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வயல் படம் அனுப்பினாரே, இடது பாதி வெறும் தாளாக? "வெளிச்சத்துக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது, தாளையே விடணும்னு படிச்சோமே, நீதாண்டா அதைச் செஞ்சு காட்டிட்டே" என்று பாராட்டினீர்கள். இரண்டு நாள் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் பெருமைதான். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் எல்லாப் படத்திலும் இடப்பக்கம் காலி. ஞாயிற்றுக்கிழமை இலை போட்டுப் பரிமாறினேன். உப்பு, ஊறுகாய் எங்கேடி என்று சத்தம் போட்டார். இடது ஓரத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. விளையாடுகிறார் என்றல்லவா சிரித்தேன்! செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரோடு இடப்பக்க மதகுச் சுவரில் மோதிவிட்டார். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. சாவியை அரிசி டிரம்மில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

டாக்டரிடம் வாங்க என்று கெஞ்சினேன். "ஜாபிரே என் கை தேறிடுச்சுன்னு சொல்லிட்டான், ஒனக்கு என்ன தெரியும்?" என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாதுதான் அண்ணே. தலைக்குள் என்னவோ ஆகிவிட்டது என்று மட்டும் தெரிகிறது. இவர் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

நேற்று என்னை உட்காரவைத்து வரைந்தார். அந்தப் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். ஒரு கண், ஒரு காது, அரை வாய். மற்றதெல்லாம் தாள். "நல்லா வந்திருக்கா ரோஸ்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நான் பொய் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதீர்கள். கடிதம் கிடைத்த நிமிடமே போன் போட்டு, படம் தப்பு, பாதி முகம் எங்கேடா என்று கேளுங்கள். திட்டுங்கள். உங்கள் வார்த்தைக்குத்தான் எழுந்து ஆஸ்பத்திரிக்கு வருவார். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டவர் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

உங்கள் தங்கை,
ரோஸ்லின்