தேயிலை நிற வானம்

மச்சான், இன்று காலை பால் குடித்த கிளாஸைக் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். ஜன்னல் வெயில் பட்டதும் அந்தத் தண்ணீர் இலேசான நீலமாகத் தெரிந்தது. உன் நினைவு வந்தது. வந்த கோபத்தில் எல்லாவற்றையும் தொட்டிக்குள் கொட்டினேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வானத்தைப் பற்றிக் கேட்பதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்பது உனக்கே தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் நான் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், ஏழு கடல் கண்ட கப்டன்மார் நங்கூரம் எடுக்குமுன் என்னிடம்தான் மழை வருமா என்று கேட்பார்கள். பச்சைச் சூரியனை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனை நீ தேத்தண்ணிக் கடையில் வைத்து என்ன செய்தாய்? கடலின் நீலம்தான் வானத்தில் தெறிக்கிறது என்று எல்லாருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். நீ பால் விடாத பிளேன்ரீயை ஊதியபடி கேட்டாய்:

"அப்ப ஹட்டனிலை வானம் தேயிலை நிறமோடா?"

கடையே சிரித்தது. தேயிலைத் தோட்டம் சூழ்ந்த ஹட்டனில் பிறந்த கடை முதலாளிதான் அதிகம் சிரித்தார். அதோடாவது விட்டாயா? ஒரு கிளாஸ் தண்ணீரில் சொட்டுப் பால் விட்டு, போன் லைட்டை ஒரு பக்கமாக அடித்தாய். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் நீலம். எதிர்ப்பக்கம் நின்று லைட்டை நேரே பார்த்தால் செம்மஞ்சள்.

"வெயிலுக்குள்ளை எல்லா நிறமும் கிடக்கு. காத்திலை பட்டால் நீலம்தான் கூடச் சிதறும், அதுதான் வானம். பின்னேரம் வெளிச்சம் கனதூரம் காத்துக்குள்ளாலை வரவேணும். நீலமெல்லாம் வழியிலை போயிடும். சிவப்புத்தான் மிஞ்சும்."

அன்றிலிருந்து எனக்குத் 'தேயிலையண்ணை' என்று பெயர். அந்தப் பெயரை எனக்கு வைத்துவிட்டு, நீ கனடாவிலிருக்கும் மகளிடம் போய்விட்டாய். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன உடனை போன் கோல் எடுக்கிறன்" என்றாய். முதலில் கிழமைக்கு ஒருதரம் எடுத்தாய். பிறகு பொங்கலுக்கு மட்டும். பிறகு அதுவுமில்லை. நான் எடுத்தால் மகள், "அப்பா நித்திரை, அங்கிள்" என்பாள். அந்த ஊரில் எந்நேரமும் இரவுதானோ?

நீ செத்த செய்தியையும் கடை முதலாளிதான் சொன்னார். யாரோ முகநூலில் போட்டிருந்தார்களாம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று உன் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூரம் கூடினால் வழியில் சிதறுவது எது என்று அன்று கிளாஸை வைத்துக் காட்டினாய். அது நான்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாய்.

நேற்றுப் பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதையோரக் கல்லில் இருந்தேன். படம் எடுத்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள், சூரியன் ஏன் இப்படிச் சிவக்கிறது என்று தங்களுக்குள் கேட்டார்கள். என்னால் சும்மா இருக்க முடியுமா? நீலம் வழியில் தொலைந்த கதையை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். இருவரும் வாய் திறந்து கேட்டார்கள்.

"ஆர் அங்கிள் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"ஒரு கிரேக்கக் கப்டன்" என்றேன்.

நாலு கோல் எடுத்திருந்தாயென்றால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன்.