எல்லைக் குடிலில் இருக்கும் விற்சேந்தனுக்குப் பிராசசர் பற்றி விடுத்த ஓலை

ஆயுதசாலையில் இன்று உச்சிப்பொழுதில் எழுந்த அலறல் இன்னும் நம் காதை விட்டு அகலவில்லை. அந்த நடுக்கத்தோடே, ஏழு துறைகளின் காவலும் கீழைத்துறை நாட்டின் அரசியுமாகிய அல்லியங்கோதை, வடவெல்லைக் காவற்குடிலில் வாழும் விற்சேந்தனுக்கு விடுக்கும் ஓலை. உம் குடிலில் மழை அளவோடு பெய்க. உம் பத்து விரல்களும் நலமாயிருக்க. ஆட்டப் படைத்தலைவர் என்னும் பட்டத்தை உம்மிடமிருந்து பறித்தது நாமே என்பதால், இங்கே பெயரை மட்டும் எழுதினோம்.

நாமும் மேட்டுக்கரை நாட்டாரும் வாளை உறையிலிட்டு, ஏரி நீரின் பங்கை ஆண்டுக்கொருமுறை கணினி விளையாட்டில் தீர்த்துக்கொள்வது நீர் அறிந்ததே. சென்ற தை மாதப் போட்டியில் தோற்று வந்து, படை நகர்வதற்குள் திரை உறைந்து நின்றது என்று நீர் சொன்னீர். கை நடுங்கியதை மறைக்கக் கணினியின் மேல் பழி போடுகிறீர் என்று அவை சொன்னது. நாம் அவையை நம்பி உம்மை எல்லைக்கு அனுப்பினோம்.

அடுத்த போட்டிக்கு ஒன்பது நாளே இருக்கும் இன்று, உம் இருக்கையில் அமர்ந்த வீரர் விளையாட்டைத் திறந்து சிறிது நேரத்தில் விசிறி அலறியது, எச்சரிக்கை மணி அடித்தது, திரை கறுத்தது. அவர் கை விசைப்பலகையின் மேல் அசையாமல் இருந்ததை அவை முழுவதும் கண்டது.

பதினோராண்டு உழைத்த கணினி, இனிப் பிராசசரை மாற்றுவதே வழி என்றார் முதலமைச்சர். கம்மியர் தலைவி உமையாள் இணங்கவில்லை. புதிய பிராசசர் இந்தப் பழைய மதர்போர்டில் பொருந்தாது. மதர்போர்டை மாற்றினால் நினைவகத்தையும் மாற்ற வேண்டும். எல்லாம் மாறிய கணினியில் ஒன்பது நாளில் ஒருவர்க்கும் கை படியாது என்றாள். தோற்ற பிறகு இதே கணக்கைச் சொல்லலாமே என்று அமைச்சர் குத்திக் காட்டினார். அவளோ திருப்புளியை எடுத்துக்கொண்டு நம் பக்கம் திரும்பினாள்.

“கெழட்டுக்கு மூச்சு முட்டுதா, இல்ல எவனாச்சும் மூக்கைப் பொத்தி வச்சிருக்கானான்னு மொதல்ல பாத்துருவோம் மகாராணி.”

விசிறியைக் கழற்றி, அதன் கீழிருந்த உலோகக் கட்டியைத் தூக்கினாள். பிராசசரின் சூட்டை அந்தக் கட்டிக்குக் கடத்தும் பசை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமப் பொட்டும் இருந்தது. சுரண்டிப் பார்த்தாள், இரண்டு பூச்சு. மேலே இருப்பது இவ்வாண்டு ஆயுத பூசையுடையது, அடியில் இருப்பது சென்ற ஆண்டுடையது, அதாவது உம் போட்டிக்கு முன் பூசியது என்றாள். எழுந்து நின்ற நாம் அமர மறந்தோம்.

கைப்பிடிக்கு வைக்காமல் வெட்டும் இடத்துக்கே சந்தனம் வைப்பது நம் நாட்டு வழக்கம். வாளுக்கு அலகு, வேலுக்கு நுனி. கணினியின் வெட்டும் இடம் பிராசசர் என்று யாரோ தேடிப் பிடித்து, அதன் மேலிருந்த பசையை அழுக்கென்று துடைத்திருக்கிறார்கள். பொறிகாப்பாளர் மாசாணம் பொறுப்பேற்ற பின் நடந்த பூசைகளும் இரண்டே என்பதால் அவையின் கண்கள் அவர் மேல் சென்றன. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உமையாள் துடைத்துப் புதுப் பசை தடவி ஓட்டினாள். நூற்றைத் தொட்ட சூடு அறுபத்திரண்டில் நின்றது. நீர் தோற்ற அதே களம் திரையில் ஒரு திக்கலும் இல்லாமல் ஓடியது. அதைப் பார்க்க நமக்கு முகமில்லை.

ஆகவே பிராசசர் மாற்றப்படாது. நம் தீர்ப்பு மாற்றப்படுகிறது. உம் பட்டம் இந்த நொடி முதல் உம்முடையது. ஓலை கொணரும் குதிரையிலேயே புறப்பட்டு வருக. அந்தப் பிராசசர் சில்லில் சந்தனம் பூசியவர் எவராயினும், நீர் காலி செய்யும் குடிலில் நீர் இருந்த அத்தனை நாளும் இருக்கக் கடவர். மன்னிப்போ மறு விசாரணையோ இதற்கு இல்லை. நம் மீன்முத்திரை பதிந்த இந்த ஆணை, ஏழு துறைகளிலும் தண்ணீர் ஓடும் நாளெல்லாம் நிற்க.

முத்திரை இட்ட பின் சேர்த்தது: ஆணையை அவையில் படித்து, பூசியவர் எவரென்று மாசாணத்தைக் கேட்டோம். மேலே ஓர் எழுத்தும் அழிக்க வேண்டாம் என்று எழுத்தரைத் தடுத்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுவித்தோம்.

“தட்டுல ஏந்திக்கிட்டு வந்தது நானு, தாயி. வாளு வேலுக்கெல்லாம் வச்சிட்டு, அந்தச் சில்லுலயும் சந்தனத்த வழிச்சுப் பூசுனது உங்க விரலுதான்.”