தொட்டிக்கு அடியில்

வாகூர்
ஐப்பசி, 1936

சைகோனில் இருக்கும் என் கண்ணு கோகிலாவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் காவலில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கடல் தாண்டிப் போன நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதே காவலில் சுகமாக இருக்க வேண்டும். கரும்பு நன்றாக நிற்கிறது, சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, மழைதான் விடுவதாயில்லை.

நம் சமையலறை மேடையில் பாத்திரம் கழுவப் பதித்திருக்கும் கல்தொட்டி கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த காரை பெயர்ந்து தண்ணீர் அடியில் இறங்கியது. கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பலாம் என்றிருந்தேன், அதற்குள் கொத்தனார் சாமிக்கண்ணு தானாகவே வந்து நின்றான். "பக்கிரி அண்ணன்தான் அனுப்பிச்சாரு, ஒங்க தொட்டி ஒழுவுதாமே" என்றான். எனக்குத் திக்கென்றது. வேலிப் பூவரச மரத்தை வெட்டியதிலிருந்து அடுத்த வீட்டில் இருக்கும் உன் பக்கிரி சித்தப்பா நம்மோடு பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். நம் தொட்டி ஒழுகுவது அவனுக்கு எப்படித் தெரிந்தது, அவனுக்கு ஏன் இத்தனை அக்கறை? உன் அப்பாவைக் கேட்டால், ஒழுகல் நின்றால் சரி என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குப் போய்விட்டார்.

நான் மணை போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். சாமிக்கண்ணு தொட்டியைத் தூக்கி வைத்துப் பழைய காரையைச் சுரண்டித் துடைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டரைத்த சுண்ணாம்பைப் பூசினான். அந்த நேரம் பார்த்துக் கன்று அவிழ்த்துக்கொண்டது. பிடித்துக் கட்டிவிட்டு வருவதற்குள் தொட்டியைப் பதித்துவிட்டான். அடியில் செய்வினைத் தகடு கிகடு எதையாவது வைத்துவிட்டானோ என்று என் மனசு அடித்துக்கொண்டது. மறுபடி தூக்கு என்றேன். "இன்னா யம்மா நீ, காரையெல்லாம் கெட்டுப்பூடும்" என்று முணுமுணுத்தபடி தூக்கினான். ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம் தண்ணீர் அரித்த பொந்து வழியாக இருமல் கேட்டது, "இங்கயும் ஈரம், பாயை இழுங்க" என்று தையலம்மாள் சித்தியின் குரலும் கேட்டது. அப்புறம்தான் சாமிக்கண்ணு உண்மையைச் சொன்னான். அவள் காய்ச்சலில் படுத்த படுக்கையாம், நம் தண்ணீர் அவள் படுக்கைக்குப் போகிறதாம், சொல்லாதே என்று பக்கிரி சொல்லியிருந்தானாம்.

பொந்தையும் அடைத்துத் தொட்டியைப் பதி என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். சித்தி எலும்பும் தோலுமாக ஈரத்தில் கிடந்தாள். அவளை உலர்ந்த பக்கம் படுக்கவைத்து, ஏண்டி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். "சொன்னா வேணும்னே இன்னும் நாலு கொடம் ஊத்துவீங்கன்னு பயந்தோம்க்கா" என்றாள். பக்கிரி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனேன். கையில் வாங்கியவள் குடிக்காமல் கஞ்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வந்தது, ஆனாலும் அவள் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்துக் காட்டினேன். அப்புறம்தான் குடித்தாள். இப்போது தினமும் கொண்டுபோகிறேன், தினமும் முதல் வாய் என்னுடையதுதான்.

நீ தீர்க்க சுமங்கலியாய், பிள்ளைகுட்டியோடு வாழ வேண்டும். பிள்ளைக்குக் காது குத்த எப்போது வருகிறீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுத மறக்காதே.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
கனகாம்பாள்