முகத்துக்கு அளவெடுத்த மூடி

மார்ச் 3

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அப்போதே சொன்னேன். தங்கச்சிக்குக் குரல் கம்மிய முதல் வாரமே, "இது சளி இல்ல, பெரிய டாக்டரைப் பாரு" என்றேன். அவள் மகளும் சொன்னாள், இல்லை என்று சொல்லவில்லை. முதலில் சொன்னது நான்.

தொண்டையில் கட்டி, ஆரம்ப நிலை, கதிர்வீச்சு கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் இன்று சொன்னார். நான் எட்டாவது வரை படித்தவன்தான். ஆனால் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். கண்ணாடியில் பார்த்தே யாருக்கு வாந்தி வரப்போகிறது என்று சொல்லிவிடுவேன். இது தெரியாதா?

புற்றுநோய் மையத்தின் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. கதிர்வீச்சு, கீமோ, உணவு ஆலோசனை, பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை, வந்து போக வண்டி. பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் எழுதிவைப்பது போல எழுதியிருக்கிறார்கள். எழுதின ஊருக்கெல்லாம் வண்டி போகுமா என்பது வேறு விஷயம்.

மார்ச் 9

பேனா தாளைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்.

தலை அசையக் கூடாதாம். அதற்காக வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியை முகத்தில் போட்டு, அதைப் படுத்திருக்கும் பலகையோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். பூட்டிவிட்டு, கதவையும் சாத்திவிட்டு, எல்லாரும் வெளியே போய்விடுகிறார்கள். என் தங்கச்சி தையல்காரி. மழை அடித்தாலும் கதவைத் திறந்துவைத்துத்தான் தைப்பாள். அவளை இப்படிப் பூட்டலாமா? ஒரு வார்த்தை முன்னாடி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

காலை உதைத்திருக்கிறாள். ஓடிப்போய்த் திறந்துவிட்டார்கள். சிகிச்சை நடக்கவில்லை. வெளியே வந்து, "வீட்டுக்குப் போலாம்ணா" என்றாள். அவ்வளவுதான்.

நான் விடுவேனா? பலகையில் மனநல ஆலோசனை என்று இருக்கிறதே, அது எங்கே என்று வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கேட்டேன். டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றாள். மாடி ஏறி டாக்டரைக் கேட்டால், அதைக் கீழேயே கேட்டுக்கொள்ளலாமே என்கிறார். மறுபடி இறங்கினேன். (லிஃப்டில் நான் போவதில்லை. படி ஏறுவது உடம்புக்கு நல்லது.) அந்தப் பெண், "யாரும் வந்து கேக்கறதில்ல சார்" என்றாள். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் பலகையா?

மார்ச் 10

இனிமேல் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். மகள் அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். இவள் பாட்டுக்கு மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள். விட்டால் கட்டி சும்மா இருக்குமா?

மார்ச் 11

இன்று அந்த மையத்தையே ஒரு உலுக்கு உலுக்கிவிட்டேன். ஹாலின் நடுவில் நின்று பேசினேன். மொத்த ஹாலும் கைதட்டியது. சரி, இரண்டு பேர்.

ஆலோசகர் அறை மூன்றாம் மாடி. பூட்டிக் கிடந்தது. "இதோ வருகிறேன்" என்று ஒரு சீட்டு. அந்த "இதோ" மத்தியானம் வரை போனது. நான் வாசலை விட்டு அசையவில்லை. கடைசியில் ஒரு அம்மா மூச்சிரைக்க வந்தார். இரண்டு கட்டடத்துக்கும் அவர் ஒருத்தர்தானாம். கையில் திறக்காத சாப்பாட்டு டப்பா. நான் தயாராக வைத்திருந்த பேச்சில் பாதிதான் வெளியே வந்தது.

"உங்க கோபம் நியாயம்தான். முதல் நாளே என்கிட்ட அனுப்பியிருக்கணும். அனுப்பறதுக்குத்தான் இங்க ஆள் இல்ல," என்றார்.

பிறகு சொன்னார்: மூடியில் கண் இருக்கும் இடத்தை வெட்டிவிடலாமாம். கையில் அழுத்து மணி கொடுப்பார்களாம். பிடித்த பாட்டும் போடுவார்களாம். இத்தனையும் இருக்கிறது! எதையும் சொல்லவில்லை!

கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின்காரரிடம் என்னை அனுப்பி அறையைக் காட்டச் சொன்னார். பார்த்ததோடு விடுகிற ஆளா நான்? நானே படுத்தேன். மூடி போட்டுப் பூட்டினார்கள். கதவைச் சாத்தினார்கள். ஏசி குளிருக்குக் கண் சொக்கி, ஒரு குறட்டையே விட்டுவிட்டேன்.

நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகள், "மாமா, நீங்க லிஃப்ட்லயே ஏற மாட்டீங்களே" என்றாள். தங்கச்சி மிஷினை நிறுத்தினாள்.

"உனக்கு மூடி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"பூட்டினாங்களா?"

"பூட்டாம? தூக்கமே வந்துடுச்சு."

துணியை வெட்டுமுன் பார்ப்பாளே, அப்படி என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி, நாளைக்கு வரேன்" என்றாள்.

மார்ச் 12

படுத்தாள். மூடியில் கண் இருக்கும் இடம் வெட்டியிருந்தது. கையில் மணி. மெஷினை ஓட்டுமுன் அவள் தோள் குலுங்கியதாம். அழுகிறீர்களா என்று மைக்கில் கேட்டிருக்கிறார் மெஷின்காரர். இல்லை என்று கையை ஆட்டியிருக்கிறாள். மணியை அழுத்தவே இல்லை.

மார்ச் 20

வந்து போக வண்டி இன்றும் வரவில்லை. பலகையில் மட்டும் ஓடுகிறது.

ஏப்ரல் 6

தண்ணீர் விழுங்கினாலே முள் குத்துகிறதாம். குரல் சுத்தமாக இல்லை. உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று மேஜை முன்னால் போய் நின்றேன். என்னைக் கண்டதும் அந்தப் பெண் போனை எடுத்துவிட்டாள். வந்தவர் கஞ்சி எந்தப் பதத்தில், எவ்வளவு சூட்டில் என்று பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷி. இவரைக் கூப்பிடவும் சண்டைக்காரன் ஒருத்தன் வேண்டியிருக்கிறது. சண்டை போடத் தெரியாதவர்கள் எங்கே போவார்கள்?

ஒன்று எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம், "மூணாவது மாடில ஆலோசகர் இருக்காங்க, பாத்துட்டுப் போங்க" என்று அந்தப் பெண் இப்போது தானாகவே சொல்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

ஏப்ரல் 24

இன்றோடு கதிர்வீச்சு முடிந்தது. கட்டி நன்றாகக் கரைந்திருக்கிறது, ஸ்கேன் பிறகு எடுக்கலாம் என்றார் டாக்டர். மூடியை வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி அதை எடுத்து நீட்டி, போட்டுப் பார் என்று ஜாடை காட்டினாள். போட்டேன். மூக்கிலேயே மாட்டிக்கொண்டது. தாடை உள்ளேயே போகவில்லை.

"இது என் மூஞ்சிக்கு அளவெடுத்துச் செஞ்சதுண்ணா," என்றாள். கரகரவென்று, ஆனால் குரல். "ஒவ்வொருத்தருக்கும் தனியாத்தான் செய்வாங்க. அன்னிக்கு உனக்கு யாரோடதைப் போட்டாங்க?"

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் மூடியை மூக்கிலிருந்து பிடுங்கி எடுத்தேன்.

அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். பிறகு ஏன் வந்தாய் என்றேன்.

"உன் சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. லிஃப்டுக்கே பயப்படறவன் எனக்காக அந்த ரூமுக்குள்ள போயிட்டு வந்திருக்கான். நான் போக முடியாதா? உள்ள படுத்ததும் உன் குறட்டை ஞாபகம் வந்துடுச்சு. மூடிக்குள்ள சிரிக்கக்கூட முடியல."

ஆகவே இதை எழுதிவைக்கிறேன். பலகை, பூட்டின அறை, வராத வண்டி, இரண்டு பேர் கைதட்டினது எல்லாம் நடந்தது நடந்தபடி. மார்ச் 11 அன்று நான் படுத்ததாக எழுதியது மட்டும் இல்லை. மெஷின்காரர் படுக்கும் மேஜையைக் காட்டினார், மூடிகள் வைத்திருக்கும் அலமாரியைக் காட்டினார். கதவைச் சாத்திக் காட்டட்டுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் படிக்கட்டில் இருந்தேன்.