நீ தோற்ற வெள்ளைச் சப்பாத்து

என் அன்புக்குரிய மாப்பிள்ளை மாரிமுத்து,

களைப்பாக இருக்கிறது. யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உன் முகம்தான் வருகிறது. நீ கண்ணை மூடிய பிறகு உன்னைப் பற்றி ஒரு கதை எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதியதே தப்போ என்னவோ.

என் மகள் மலர் பேக்டரி வேலையை விட்டுவிட்டுக் கைப்பேசியில் ‘கூப்பிடுதூரம்’ என்று ஒரு செயலி தொடங்கியிருக்கிறாள். ரப்பர் தோட்டங்களை விட்டுச் சிதறிப் போனவர்கள் அதில் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளலாம். ஆனால் ஆளில்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? “கதை இருந்தா வருவாங்கப்பா, நீங்க எழுதுங்க” என்றாள். பாதிக் கதையை யாரும் படிக்கலாம், மீதிக்கு உறுப்பினராகச் சேர வேண்டும்.

எனக்கு வேறு என்ன தெரியும்? மெர்போக் பக்கம் நாம் படித்த காலத்தில், அடுத்த தோட்டத்தோடு நடந்த பந்தாட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்டுவரும் உன் புது வெள்ளைச் சப்பாத்தைப் பந்தயம் வைத்துத் தோற்றாயே, அதை எழுதினேன். வாத்தியார் கேட்டபோதெல்லாம் “கழுவிக் காயப்போட்டிருக்கு சார்” என்று வருடம் முழுக்கச் சொன்னாயே, அதையும். வழக்கம்போல மூன்று முறை திருத்தினேன்.

மலர் படித்தாள். “பந்தயத்த எடுத்துடலாம்பா. வெறுங்காலோட செம்மண் ரோட்டுல நடக்கிற பையன் போதும். எல்லாரும் படிக்கிற பாதிய அங்கயே நிறுத்துவோம்.”

எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். ‘தலையாட்டி’ என்று எனக்குப் பேர் வைத்தவன்தானே நீ.

ஆட்கள் வந்தார்கள், மாப்பிள்ளை. அழுதேன், அழுதேன் என்று எழுதினார்கள். பெண்டாங்கிலிருந்து ஒரு பெண்மணி உன் பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கித் தரப்போவதாக எழுதினார். மலர் பல மாதங்களுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

பிறகு என் தங்கை, உன் சரோஜா, பசாருக்கு மீன் வாங்கப் போயிருக்கிறாள். கதையைப் படித்திருந்த மீன்காரர் கேட்டாராம்: “பாவம்லா அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்குப் பெத்தவங்க ஒரு சப்பாத்துகூட வாங்கித் தரலியா?” மீனை வாங்காமல் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்க மாமனாரு தீபாவளிக்குத் தனக்குச் சட்டை எடுக்காம வாங்கிக் குடுத்த சப்பாத்துண்ணே அது. அத எங்க ஒளிச்சு வெச்சீங்க? எங்க வீட்டுக்காரரு எவ்ளோ பொல்லாத ஆளு. அவரப் போயி பரிதாபமாக்கிட்டீங்களே.”

பால் வெட்டிக் காய்த்துப்போன உன் அப்பாவின் கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பத்தியை எடுத்ததில் அந்த மனுஷரைப் பிள்ளையைக் கவனிக்காதவராக்கிவிட்டேன்.

முழுக் கதையையும் போடலாம் என்று மலரிடம் கேட்டேன்.

“இப்பதான்பா ஆளு சேருது. ஏமாத்திட்டாங்கன்னு போயிருவாங்க. நான் திரும்ப பேக்டரிக்கே போகவா?”

இந்த முறை நான் தலையாட்டவில்லை. மலர் கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள். “நீங்களே போடுங்க.” விட்டுப்போனதைச் சேர்த்து, விட்டது எங்கள் தவறு என்றும் எழுதிப் போட்டேன்.

கொஞ்சம் பேர் போய்விட்டார்கள். “அப்ப நான் அழுதது சும்மாவா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பெண்டாங் பெண்மணியிடமிருந்து சத்தமே இல்லை. யான் ஊரிலிருந்து மட்டும் ஒருவர் எழுதியிருந்தார்: “அந்தச் சப்பாத்த ஜெயிச்சது எங்க அண்ணன். காலே நுழையல. சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருந்தாரு. தோத்த ஆளு எங்க இருக்காரு?”

மலர் அதை இரண்டு முறை படித்தாள். இன்னும் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். ஒரு ஜோடி சப்பாத்துக்காக அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனா? சரோஜா மட்டும் முழுவதையும் படித்துவிட்டு, “இப்பதான் அவரு மாதிரி இருக்கு” என்று சொல்லி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டாள்.

யான்காரருக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று நான்தான் எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன். இனி உன்னைப் பற்றி எது எழுதினாலும், பந்தயத்தில் தோற்காமல் உன்னை வெறுங்காலோடு நடக்கவிட மாட்டேன்.

உன் தலையாட்டி மச்சான்,
சுப்பையா